மைசெல்ஃப் எங்கே வரும்?

வேலைக்கான நேர்காணலில் பலர் "மைசெல்ஃப் குமார்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆங்கில இலக்கணப்படி அது பிழை. "ஐ ஆம் குமார்" என்றாலே போதும்.

செய்பவரும் அந்தச் செயலுக்கு ஆளாகிறவரும் ஒருவரே என்றால் மைசெல்ஃப், ஹிம்செல்ஃப் போன்றவை வரும். "ஹி ப்ளேம்ட் ஹிம்செல்ஃப்": அவர் தன்னைத்தானே நொந்துகொண்டார். அழுத்தம் கொடுக்கவும் வரும். "ஐ குக்ட் இட் மைசெல்ஃப்": நானேதான் சமைத்தேன்.

அலுவலகக் கடிதங்களில் "ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்" என்று எழுதுவது மரியாதை என்று சிலருக்கு நினைப்பு. அங்கே "மீ" என்பதே சரி. அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இன்னொன்று. "யூ" ஒருவருக்கும் பலருக்கும் பொது. ஆனால் ஒருவரிடம் பேசும்போது யுவர்செல்ஃப், பலரிடம் பேசும்போது யுவர்செல்வ்ஸ்.