ஒலியும் செவியும் – 9: நுரையா, சிலிக்கானா?

1915-ல் பிராக் நகரில் அறை மாறி அறை மாறிக் குடியிருந்த எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவைப் பாடாய்ப் படுத்தியது அக்கம்பக்கத்துச் சத்தம். அதற்காகப் பெர்லினிலிருந்து அவர் வரவழைத்தது, பஞ்சில் பொதிந்த மெழுகு உருண்டை. மருந்தாளுநர் மாக்ஸ் நெக்வெர் 1907-ல் தொடங்கிய ஓரோபாக்ஸ் நிறுவனத்தின் சரக்கு அது. ஒடிஸியஸின் மாலுமிகள் காதை மெழுகால் அடைத்துக்கொண்ட கிரேக்கக் கதைதான் நெக்வெருக்கு யோசனை கொடுத்தது.

இன்று கடையில் அதிகம் கிடைப்பது நுரை இயர் பிளக். 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ராஸ் கார்ட்னர் என்பவரின் ஆய்வில் உருவானது. அழுத்தினால் சுருங்கி, மெதுவாக விரிந்து காதுக் குழாயை நிறைக்கும். இரைச்சலுக்கு இதுதான் சரி. ஆனால் பெரும்பாலானவர்கள் அதை வாசலில் செருகிக்கொண்டு, பலனில்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

முறை இதுதான். கையைக் கழுவிவிட்டு, பிளக்கைச் சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சிபோல உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த குழாய் நேராகும். உடனே பிளக்கை உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பிறகு உள்ளங்கைகளால் காதுகளைப் பொத்திப் பாருங்கள். சத்தம் இன்னும் வெகுவாகக் குறைந்தால், பிளக் சரியாக உட்காரவில்லை.

எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. அது ஆய்வகக் கணக்கு. 29 என்றிருந்தால் அதில் 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கச் சொல்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையின் கணக்கு. மிஞ்சுவது 11. நூறு டெசிபல் இரைச்சலில் நிற்பவரின் காதுக்கு அப்போதும் 89 போய்ச் சேரும். எட்டு மணி நேரத்துக்கு 85-ஐ வரம்பாக வைக்கும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், அதைக் காது மூன்று மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் தாங்கும். தறிக்கூடங்களில் வெறும் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்கிறவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது. பஞ்சு தடுப்பது சில டெசிபல்தான். அந்தத் தொழிலாளர்களுக்கு நல்ல பிளக் வாங்கிக் கொடுப்பதும் போடக் கற்றுக்கொடுப்பதும் முதலாளியின் கடமை.

தண்ணீர் வேறு விஷயம். நுரை நனைந்தால் பிடி தளரும். நீச்சலுக்கு ஏற்றது பிசையக்கூடிய சிலிக்கான். அமெரிக்காவில் மேக்ஸ் என்ற பெயரில் 1960-களிலேயே விற்பனைக்கு வந்தது. உருண்டையாக்கி, காதுத் துவாரத்தின்மேல் வைத்து, ஓரங்களைத் தோலோடு ஒட்டித் தட்டையாக்க வேண்டும். உள்ளே திணிக்கவே கூடாது. பிய்ந்துபோன துண்டை எடுக்க மருத்துவரிடம்தான் ஓட வேண்டும். காது ஈரமாக இருந்தால் ஒட்டாது. பிசுபிசுப்புப் போனதும் எறிந்துவிடலாம். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் காதில் குழாய் வைத்த குழந்தைகளும் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கேட்காமல் குளத்தில் இறங்கக் கூடாது.

ஆழத்தில் மூழ்குகிறவர்களுக்கு எந்தச் சாதாரண பிளக்கும் ஆகாது. பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரு மடங்காகிவிடும். பிளக்குக்கும் செவிப்பறைக்கும் நடுவில் சிக்கிய காற்றால் அதை ஈடுகட்ட முடியாது. பிளக் உள்நோக்கித் தள்ளப்படும். செவிப்பறை வெளிநோக்கிப் பிதுங்கிக் கிழியவும் கூடும்.

(தொடரும்)