ஓடுபாதைத் தண்ணீரும் வீட்டுக் கிணறும்

வடகிழக்குப் பருவமழையில் மருத்துவர்களான எங்களுக்கு இரண்டு தவணையாக வேலை வரும். மழை கொட்டும்போது வழுக்கி விழுந்தவர்கள், மின்சாரம் தாக்கியவர்கள். தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவிவிட்டு, 'அப்பாடா' என்று உட்காரும் இரண்டாவது வாரத்தில் காய்ச்சல்காரர்கள். பொழிச்சலூர், கவுல் பஜார், அனகாபுத்தூர், மணப்பாக்கம் என்று சென்னை விமான நிலையத்தை ஒட்டி அடையாற்றின் கரையில் இருக்கும் ஊர்களுக்கு இது பழகிப்போனது. காய்ச்சல் வருவதில் எனக்கு வியப்பில்லை. கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்து, மருந்துக்கடை மாத்திரையை ஐந்தாறு நாள் விழுங்கிய பிறகு வருகிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரே தண்ணீரில் இரண்டு கேடு

மண் தரையில் விழும் மழையில் ஒரு பங்கு உள்ளே இறங்கும். கான்கிரீட்டில் விழுந்தால் அப்படியே ஓடும். விமான நிலையத்தின் முனையமும் விமான நிறுத்துமிடமும் விரிய விரிய ஓடும் தண்ணீர் கூடும்; வேகமும் கூடும். சென்னையின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலே பாலம் போட்டு நீட்டப்பட்டது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிடப்பட்டபோது விமான நிலையமே மூழ்கி நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூட வேண்டியிருந்தது. ஓடுபாதைத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், தெருச் சாக்கடை என்று அப்போது யாரும் பிரிக்க முடியாது.

விமான நிலைய வளாகத்தில் எரிபொருள் சிந்தும், எஞ்சின் எண்ணெய் சொட்டும், தரையிறங்கும் சக்கரத்தின் ரப்பர் ஓடுபாதையில் ஒட்டும். விமானம் கழுவிய சோப்பு நீரும், தீயணைப்புப் பயிற்சியின் நுரையும் சேரும். மாதக்கணக்கில் துடைக்காத அடுப்பு மேடையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் எப்படி ஓடுமோ, அப்படித்தான் பருவத்தின் முதல் மழை இவற்றை அள்ளிக்கொண்டு வடிகாலுக்குப் போகும்.

எல்லாப் பழியையும் விமான நிலையத்தின் மேல் போடவும் முடியாது. அடையாற்றில் கலக்கும் மலஜலம் நம் வீடுகளுடையது. பம்மல், நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் தொழிலின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது பழைய கதை. மருத்துவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தண்ணீரில் இருக்கும் கிருமி சில நாளில் படுக்க வைக்கும், வேதிப்பொருளின் கேடு சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்த பேச்சுகள்

"வெள்ளத்தண்ணியைக் குடிக்கவே இல்லையே டாக்டர், நடந்துதானே வந்தேன்."

நடந்ததே போதும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமி, காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாகவும் ஊறிப்போன தோல் வழியாகவும் உள்ளே போகும். இதுதான் எலிக்காய்ச்சல். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைகாட்டும். அதற்குள் வெள்ளத்தில் நடந்ததே மறந்துபோயிருக்கும். அதனால், தண்ணீரில் நடந்தீர்களா என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

"ரெண்டு மாத்திரையில காய்ச்சல் விட்டுடுச்சே."

பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கும், கிருமியைத் தொடாது. எலிக்காய்ச்சல் ஓரிரு நாள் விட்டதுபோல் காட்டிவிட்டு, இரண்டாவது முறை ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கக்கூடியது. கடையில் கலந்து கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தில் வலி மாத்திரை இருந்தால், ஏற்கெனவே தடுமாறும் சிறுநீரகத்துக்கு மேலும் ஓர் அடி. என்ன மாத்திரை என்று கேட்டால், "வெள்ளையா ஒண்ணு, ரோஸ் கலர்ல ஒண்ணு" என்பார்கள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன வைத்தியம் பார்ப்பது?

"மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது, கீழாநெல்லிதான்."

குடிநீரால் வரும் 'ஹெபடைடிஸ் ஏ' பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகிவிடும். அந்தப் பெருமையைக் கீழாநெல்லி வாங்கிக்கொள்கிறது. எலிக்காய்ச்சலில் வரும் காமாலை அப்படியல்ல. அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு, தொடக்கத்திலேயே கொடுத்தால் உயிர் பிழைக்க வைக்கும். 'ஹெபடைடிஸ் இ' கர்ப்பிணிகளின் உயிரையே எடுக்கக்கூடியது. எந்தக் காமாலை என்று தெரியாமல் பச்சிலை அரைத்துக் குடிப்பதும், கண்ணில் சாறு பிழிவதும், மந்திரிப்பதும் நாளைக் கடத்தும் வேலை.

"வயித்துப்போக்கு நிக்கட்டும்னு தண்ணியே குடுக்கல."

குழந்தைகளை நாங்கள் இழப்பது இப்படித்தான். போக்கை விட, உடம்பில் நீர் வற்றுவதுதான் ஆபத்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் சர்க்கரை தட்டையாக ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

"நல்லா காய்ச்சித்தான் குடிக்கிறோம்."

நல்ல பழக்கம், விடாதீர்கள். தளதளவென்று கொதித்தால் கிருமி சாகும். ஆனால் எண்ணெயும் தோல் கழிவின் குரோமியமும் தீயணைப்பு நுரையின் வேதிப்பொருளும் சாகப் பிறந்தவை அல்ல. தண்ணீர் வற்ற வற்ற உலோகத்தின் செறிவு கூடத்தான் செய்யும்.

"படிகாரம் போட்டோம், கண்ணாடி மாதிரி தெளிஞ்சுடுச்சு."

படிகாரம் கலங்கலைக் கீழே இறக்கும், அவ்வளவுதான். தெளிவாக இருப்பதெல்லாம் சுத்தமில்லை. எரிபொருளாவது வாடையில் காட்டிக்கொடுக்கும். நுரையின் வேதிப்பொருளுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை.

"வீட்டுல ஆர்.ஓ. மாட்டியாச்சு."

பழுதில்லாத ஆர்.ஓ. சவ்வு நுரையின் வேதிப்பொருளையும் பெருமளவு பிடிக்கும். ஆனால் உங்கள் சவ்வை எப்போது மாற்றினீர்கள்? பல் துலக்குவதும் அரிசி களைவதும் எந்தத் தண்ணீரில்? பக்கத்து வீட்டில் ஆர்.ஓ. வாங்க முடியாதவர் என்ன செய்வார்?

தீயணைப்பு நுரை: மெதுவாக வரும் கேடு

எரிபொருள் தீயை அணைக்கும் நுரைகளில் பலவற்றில் பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் வேதிப்பொருள்கள் உண்டு. மண்ணில் இவை எளிதில் சிதைவதில்லை. இவற்றில் சில உடம்பில் புகுந்தால் பாதி வெளியேறவே சில ஆண்டுகள் ஆகும். ஸ்வீடனில் ரோனெபி என்ற ஊரில், விமானப்படைத் தளத்தின் பயிற்சி நுரை நிலத்தடி நீரில் இறங்கி, குடிநீர்க் குழாய் வழியாக ஆயிரக்கணக்கானோர் உடம்புக்குள் போயிருந்தது 2013 டிசம்பரில்தான் தெரிய வந்தது. 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இரத்தத்தில் இவற்றின் அளவு கூடியிருப்பதே உடல் தீங்குதான் என்று தீர்ப்பளித்தது.

இவ்வகைப் பொருள்களில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ.வை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. சிறுநீரகப் புற்றுநோய், கொலஸ்ட்ரால் உயர்வு, குழந்தைகளின் பிறப்பு எடைக் குறைவு, தடுப்பூசிக்கு எதிர்ப்பாற்றல் சரியாக உருவாகாமை ஆகியவற்றோடு இவை தொடர்புபடுத்தப்படுகின்றன. குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் பி.எஃப்.ஓ.ஏ. கூடாது என்று அமெரிக்கா 2024-இல் வரம்பு வைத்தது. 'டீடாக்ஸ்' என்று பாட்டிலில் விற்பதை வாங்கிக் குடித்தால் இது போகாது. உங்கள் பணம்தான் போகும். வராமல் தடுப்பதே வழி.

நம் ஊர் விமான நிலையத்தில் ரோனெபி நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அளந்து பார்த்து ஊருக்குச் சொல்லுங்கள் என்கிறேன்.

பரிசோதனைகள்

காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லும் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். கிணற்று நீரில் ஈ.கோலி கிருமி, எண்ணெய், உலோகம் இருக்கிறதா என்று சோதியுங்கள்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

வெள்ளத்தில் நடந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் நிறம், சிறுநீர் குறைவு, மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே வாருங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

வீட்டில் இருப்பவர்களே, வெள்ளத்தில் இறங்கும்போது பூட்ஸ் போடுங்கள்; காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டாக்சிசைக்ளின் தேவையா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். மூழ்கிய கிணற்றையும் தரைத்தொட்டியையும் இறைத்துக் கழுவி, குளோரின் போடும் வரை அந்தத் தண்ணீரைப் புழங்காதீர்கள். எண்ணெய் வாடை அடித்தால் காய்ச்சிப் பார்க்கும் சோதனை வேண்டாம். குடிக்காதீர்கள், எழுதிப் புகார் கொடுங்கள்.

பொறுப்பில் இருப்பவர்களே, சட்டம் புதிதாக வேண்டியதில்லை. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆற்றில் நச்சுப் பொருளை விடக்கூடாது என்கிறது. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை விமான நிலையத்துக்கு முன்அனுமதியைக் கட்டாயமாக்குகிறது. அந்த அனுமதியின் நிபந்தனைகள் காகிதத்தில் நிற்க வேண்டாம். எண்ணெய் பிரிக்கும் தொட்டி, முதல் மழை நீரைத் தேக்கும் குளம், நுரைப் பயிற்சிக்குத் தனி வடிகால், கசிவு நடந்தால் அடைக்கும் மதகு ஆகியவை இருந்தாக வேண்டும். ஆற்றில் விழும் ஒவ்வொரு வடிகால் வாயிலும் பருவமழைக்கு முன்னும், முதல் மழையன்றும், பின்னும் நீரை எடுத்துச் சோதித்து, முடிவை வார்டு அலுவலகத்தில் தமிழில் ஒட்டுங்கள். பரந்தூரில் ஏரிகளுக்கும் கம்பன் கால்வாய்க்கும் நடுவே புதிய விமான நிலையம் திட்டமிடுகிறீர்கள். அங்கே கான்கிரீட் விழுவதற்கு முன்பே சுற்றுக் கிணறுகளின் இன்றைய நிலையை அளந்து பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் நாளைக்குத் தண்ணீர் கெட்டதா இல்லையா என்று சொல்ல ஒருவராலும் முடியாது.

எலிக்காய்ச்சலுக்கு என்னிடம் மருந்து இருக்கிறது. நீங்கள் நேரத்துக்கு வந்தால் போதும். மண்ணில் இறங்கிவிட்ட நுரைக்கு என்னிடம் எதுவும் இல்லை. அதை வடிகால் வாயிலிலேயே நிறுத்துங்கள்.