கைக்காசும் கணினி வேலையும்

முகாமில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. காலையில் ஒருவர் வந்து குடும்ப விபரம் எழுதுவார். மாலையில் இன்னொருவர் வந்து அதையே கேட்பார். ஒரு குடும்பத்திற்கு இரண்டு தடவை பாய் கிடைக்கும், பக்கத்துக் குடும்பத்திற்கு ஒன்றும் கிடைக்காது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்தபோது இக்குழப்பம் நாட்டளவில் பெரிதாயிற்று. அப்போது இலங்கைக் கணினித் துறையினர் பலர் தொண்டர்களாகக் கூடிச் சில வாரங்களில் ஒரு மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், வந்த உதவிகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் பதிவதே அதன் வேலை. பெயர் 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது.

அது திறந்த மூல மென்பொருள். கம்பனி விதையை ஒவ்வொரு போகமும் காசு கொடுத்து வாங்க வேண்டும். நாமே எடுத்து வைத்த விதைநெல்லை அயலவருக்கும் கொடுக்கலாம், நம் மண்ணுக்கு ஏற்றதைப் பொறுக்கியும் எடுக்கலாம். திறந்த மூலம் இரண்டாவது வகை. அதன் செய்முறை ஒளிக்கப்படுவதில்லை. எவரும் எடுத்துத் திருத்தலாம்.

ஆனால் தொண்டர்கள் தத்தம் வேலைக்குத் திரும்பிய பின் யார் திருத்துவது? இங்கேதான் சன்மானம் வருகிறது. 'இந்தக் குறையைத் தீர்ப்பவருக்கு இவ்வளவு' என்று அறிவிப்பார்கள். எந்த நாட்டவரும் செய்யலாம், சான்றிதழ் கேட்பதில்லை. வேலை சரியென ஏற்றபின் காசு. தோட்டத்தில் பேருக்கு வேலை செய்வது ஒன்று, கிலோவுக்குக் கைக்காசு வாங்குவது வேறொன்று. இது இரண்டாவதைப் போன்றது. 2004இல் மொசில்லா நிறுவனம் தன் மென்பொருளில் பாரதூரமான பாதுகாப்புக் குறையைக் கண்டு சொல்பவருக்கு 500 டொலர் என்று அறிவித்தது. 2005இல் கூகிள் வேறு வழியில் போனது. விடுமுறையில் திறந்த மூல வேலையை முடிக்கும் மாணவருக்கு 4,500 டொலர் கொடுத்தது. அத்திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களைச் சேர்த்தது நமது மொரட்டுவைப் பல்கலைக்கழகம். காசு மட்டுமல்ல, வேலை பழகவும் வழி கிடைத்தது.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவர் புல் வெட்டமாட்டார். சன்மானமும் அப்படித்தான். புதிய வசதி ஒன்றைச் செய்து தருவதற்கு ஆள் வரும். அதை வருடக்கணக்கில் பராமரிக்கவும், பாவிப்பவரின் கேள்விக்குப் பதில் சொல்லவும் வராது. அதற்கு மாதச் சம்பளம் வேண்டும். இருவர் ஒரே வேலையைச் செய்தால் ஒருவரின் உழைப்பு வீண். பத்து வருடம் இலவசமாக உழைத்தவர், நேற்று வந்தவர் காசு வாங்குவதைப் பார்த்து மனம் நோவதும் உண்டு.

இன்னொன்று பெரியது. சன்மானத்தை வைப்பவர் காசுள்ளவர். எது குறை என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். தமிழில் பெயர் பதியும் பக்கம் இல்லாத குறை முகாமில் இருப்பவருக்குத்தான் தெரியும், ஆனால் அவர் கையில் டொலர் இல்லை. ஆகவே நிவாரண நிறுவனங்கள் இப்படியொரு வேலைக்குச் சன்மானம் வைத்தால், காசு கொடுக்கும் முன் முகாமில் பதிவு எழுதும் ஒருவரிடம் அதைக் கொடுத்து, ஒரு குடும்பத்தைத் தமிழில் பதிந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.