பீப்... பீப்... அலாரம் சொல்வது நிஜமா?

அடிபட்ட நாய்க்கு ஆபரேஷன் செய்யணும்னா முதல்ல மயக்க மருந்து கொடுப்பாங்க. மயக்கத்தில் மூச்சு குறையலாம். "மூச்சு முட்டுது"ன்னு வாயில்லா ஜீவன் எப்படிச் சொல்லும்? அதற்காகச் சொல்வது ஒரு சின்ன கிளிப்!

நமக்கு அதை விரலில் மாட்டுவார்கள். நாய்க்கு விரலெல்லாம் முடியாச்சே! அதனால் நாக்கில் மாட்டுவார்கள். அது சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் நாக்கு வழியே அனுப்பும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் இந்த ஒளிகளை வேறு வேறு அளவில் உறிஞ்சும். அதை நாடித்துடிப்போடு சேர்த்து மானிட்டர் கணக்குப் போடும். இந்த வழியை 1974-ல் வெளியிட்டவர் ஜப்பான் பொறியாளர் டகுவோ அவோயாகி.

95 சதவீதமும் அதற்கு மேலும் நல்லது. 90-க்குக் கீழே போனால் ஆபத்து, அலாரம் அடிக்கும்.

ஆனால் நாக்கு காய்ந்தாலோ, கிளிப் ரொம்ப நேரம் ஒரே இடத்தை அழுத்தினாலோ, நாக்கில் கறுப்பு இருந்தாலோ அளவு தப்பாக வரலாம். "சும்மாதான் அடிக்குது"ன்னு சத்தத்தை நிறுத்திட்டா? 'புலி வருது' கதைதான்! ஒருநாள் நிஜமாகவே புலி வரும்.

அதனால் டாக்டர் முதலில் பார்ப்பது நாயை. மூச்சு வருதா? நாடி துடிக்குதா? ஈறு இளஞ்சிவப்பா, நீலமா? எல்லாம் சரியாக இருந்தால்தான் நாக்கை நனைத்து, கிளிப்பை இடம் மாற்றுவார்.

மெஷின் கூப்பிடும், பார்க்க வேண்டியது நாம்தான்!