மலேரியா மாத்திரைக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு கிளம்பும் தொழிலாளர்கள் ஒடிசா, சத்தீஸ்கர் வரை போய், மாதக்கணக்கில் தங்கி போர் போடுகிறார்கள். நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களும் அந்தப் பக்கமெல்லாம் போய்வருகிறார்கள். இரண்டுமே மலேரியா மிகுந்த மாநிலங்கள். அங்கே கொசு கடித்தால், காய்ச்சல் ஊர் திரும்பிய பிறகும் வரலாம்.

வைவாக்ஸ் வகை மலேரியாவில் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து, மாதங்கள் கழித்தும் காய்ச்சலைக் கிளப்பும். பதுங்கிய கிருமியை ஒழிக்கத்தான் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் தருகிறார்கள். பெரும்பாலானோருக்கு அது பாதுகாப்பானது. ஜி6பிடி என்ற மரபணுவில் பிறவிக் குறை உள்ளவர்களுக்கோ அதே மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

இந்த மரபணு செய்யும் வேலை

ஜி6பிடி மரபணு, குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியை உருவாக்குகிறது. சிவப்பணுவுக்குள் ஆக்சிஜன் ஓயாமல் புழங்குவதால், அணுவைச் சிதைக்கும் வேதிப்பொருள்கள் அங்கே உண்டாகின்றன. சில மருந்துகள் அவற்றைப் பெருக்குகின்றன. அவற்றை முறிக்கும் குளுட்டாதயோனுக்கு மறுபடி மறுபடி வலுவூட்டுவதற்கு இந்த நொதி தேவை. மற்ற அணுக்களுக்கு வேறு வழிகளும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கு இது ஒன்றே வழி. உட்கருவும் இல்லாததால், சுமார் 120 நாள் ஆயுளில் அதனால் புதிய நொதியைத் தயாரிக்க முடியாது. அதனால் வயதான அணுக்கள்தான் முதலில் உடைகின்றன.

பிரைமாகுயினால் சிலருக்கு ரத்தம் உடைவதன் காரணம் இந்த நொதிக் குறைவே என்று, 1956இல் பால் கார்சன், ஆல்ஃப் ஆல்விங் ஆகியோர் அடங்கிய அமெரிக்கக் குழு கண்டறிந்தது. உலகில் 40 கோடிப் பேருக்கு மேல் இக்குறை உண்டு. கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பதால், மலேரியா நெடுங்காலம் நிலவிய பகுதிகளில் இது பரவலாக நிலைத்துவிட்டது. இந்தியாவில் காணப்படும் மாற்றங்களில் ஒன்றின் பெயரே 'ஜி6பிடி ஒடிசா'.

யாருக்கு வரும்?

மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் பாதிப்பு ஆண்களிடம் அதிகம். குறையைச் சுமக்கும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் அது வரும் வாய்ப்பு பாதி. குறை உள்ள தந்தையிடமிருந்து மகனுக்கு வராது. மகள்கள் எல்லோருக்கும் போகும். பெண்களிலும் சிலருக்கு நொதி குறைந்திருக்கும்.

கவனிக்க வேண்டியவை

குறை உள்ள பலரும் வாழ்நாள் முழுக்க நலமாகவே இருப்பார்கள். பிரைமாகுயின், டாப்சோன் போன்ற மருந்துகளும் சில தொற்றுகளும் ஆபத்தைக் கொண்டுவரும். பிறந்த குழந்தைக்கு இது கடும் மஞ்சள் காமாலையாக வெளிப்படலாம். அந்துருண்டையும் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும் என்பதால், குறை உள்ள குழந்தையின் துணிகளுக்கு நடுவே அதை வைக்கவே கூடாது.

மாத்திரை தொடங்கிய சில நாள்களில் சிறுநீர் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே அதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உடைந்த சமயத்தில் பரிசோதித்தால், மிஞ்சியிருக்கும் இளம் அணுக்களால் முடிவு சரியாக இருப்பதுபோல் தோன்றலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

குறை இருப்பது தெரிந்தாலும் சிகிச்சைக்கு வழி உண்டு. மருத்துவர் கண்காணிப்பில், வாரம் ஒரு வேளையாக 8 வாரம் பிரைமாகுயின் தரும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பரிசோதனைக்குச் சில சொட்டு ரத்தம் போதும். வெளி மாநிலம் போய்வந்து மலேரியா உறுதியானால், மாத்திரையை வாங்கும் முன் "ஜி6பிடி பார்க்கணுமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.