சிமெண்ட் குவாரிக்குள்ள ஒரு கடல்

தினமும் வேலை பார்க்குற இடத்துல நாம எதையெல்லாம் கவனிக்காம கடந்து போறோம்? இதைப் பேச அரியலூரை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியலை.

அரியலூர்னா சிமெண்ட். அரசோட டான்செம் உட்பட பல ஆலைகள் இங்க இருக்கு. காரணம், மண்ணுக்கடியில இருக்குற சுண்ணாம்புக்கல். பல கோடி வருஷத்துக்கு முன்னாடி, டைனோசர் காலத்துல, இந்தப் பகுதி கடல். செத்துப்போன சிப்பிகளோட ஓடுகள் கடலடியில படிஞ்சு, இறுகி, கல்லாச்சு. கல்லங்குறிச்சிப் பக்கம் அந்த ஓடுகளை அடுக்கடுக்கா பார்க்கலாம். உங்க ஆபீஸ் தூண்ல இருக்குறது அரியலூர் சிமெண்டா இருந்தா, அதுல உள்ள கால்சியம் ஒரு காலத்துல ஏதோ ஒரு சிப்பியோட வீடு!

சிப்பி மட்டும் இல்லை. சுருள் ஓட்டோட அம்மோனைட்டும் கிடைக்குது. இது கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் சொந்தக்கார உயிரினம், சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசர்கள் அழிஞ்சப்ப இதுவும் அழிஞ்சுபோச்சு. 2020-ல பெரம்பலூர் மாவட்டம் குன்னத்துல உருண்டைக் கற்கள் கிடைச்சதும், "டைனோசர் முட்டை"ன்னு சமூக ஊடகத்துல பரவிச்சு. முட்டை இல்லை, அம்மோனைட் சார்ந்த படிவ உருண்டைகள்னு நிபுணர்கள் விளக்குனாங்க. புதைஞ்ச உயிரினத்தைச் சுத்தி தாதுக்கள் சேர்ந்து இறுகுனா இப்படி உருண்டையாகும்.

அதே மாவட்டத்துல சாத்தனூர் கல்மரம் இருக்கு. 18 மீட்டர் நீள அடிமரம், முழுக்க கல். 1940-ல புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைப் பதிவு செஞ்சார். இன்னைக்கு அது தேசிய புவியியல் நினைவுச்சின்னம்.

சிக்கல் எங்கன்னா, குவாரி தோண்டுறதாலதான் பல ஃபாசில்கள் வெளிய வருது. வந்த கல் கிரஷருக்குப் போகுது. அப்புறம் சூளையில சுமார் 1450 டிகிரி வெப்பம். நடுவுல இருக்குற கொஞ்ச நேரத்துல யாராவது கவனிச்சாதான் உண்டு. அப்போ அங்க நிக்கிறது விஞ்ஞானி இல்லை, பொக்லைன் ஓட்டுறவரும் லாரி டிரைவரும்தான். அவங்க கண்ணுதான் முதல் ஆராய்ச்சி.

நீங்க அந்தப் பக்கம் போய் ஏதாவது பார்த்தா, பெயர்த்து எடுக்காதீங்க. எந்த அடுக்குல இருந்ததுங்கிற தகவல் போயிட்டா, அது வெறும் அழகான கல்தான். பக்கத்துல ஒரு ரூபா நாணயத்தை வெச்சு போட்டோ எடுங்க, லொகேஷனைக் குறிச்சுக்கோங்க. வாரணவாசியில புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கு. முதல்ல அங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. அதுக்கப்புறம் ரோட்டோரத்துல கிடக்குற கல்லையும் குனிஞ்சு பார்ப்பீங்க.