வேலிக்கட்டையில் பிறந்த முரசு

1860, அமெரிக்க அதிபர் தேர்தல் ஆண்டு. இல்லினாய் மாநிலம் டிகேட்டரில் மே மாதம் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தபோது, ஜான் ஹேங்க்ஸ் என்பவர் இரண்டு பழைய வேலிக்கட்டைகளோடு உள்ளே நுழைந்தார். ஆபிரகாம் லிங்கன் 1830இல் பிளந்த கட்டைகள் என்று அவற்றில் எழுதி ஒட்டியிருந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. வழக்கறிஞர் லிங்கன் அன்று முதல் ‘கட்டை பிளந்தவர்’ ஆகிவிட்டார்.

அதே ஆண்டு மாசசூசெட்ஸின் கிரான்வில் என்ற சிற்றூரில், 1854இல் தொடங்கிய நோபிள் அண்ட் கூலி பட்டறை, லிங்கன் பிளந்த கட்டை ஒன்றில் முரசு செய்து பிரசாரத்துக்குக் கொடுத்தது. நிறுவனம் இன்றும் பெருமையோடு சொல்லும் கதை இது. அதுவரை குழந்தைகளுக்கான விளையாட்டு முரசு செய்து பிழைத்த இடம், உள்நாட்டுப் போர் மூண்டதும் படைகளுக்கும் முரசு செய்து அனுப்பியது.

பெயர்பெற்ற மரம் என்றால் ஒரு துண்டாவது வேண்டும் என்ற ஆசை அந்தப் பகுதிக்குப் புதிதல்ல. அண்டை மாநிலமான கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் ஓர் ஓக் மரம் இருந்தது. ஆங்கில அரசர் தந்த உரிமைச் சாசனத்தை 1687இல் அதன் பொந்தில்தான் ஒளித்துவைத்தார்கள் என்பது ஊர்க்கதை. 1856 ஆகஸ்ட் 21 அன்று புயலில் அது சாய்ந்தபோது, கோல்ட் துப்பாக்கி ஆலையின் பேண்டு வாத்தியக்குழு வந்து சோக இசை வாசித்தது. மாநில செனட்டில் தலைவர் அமரும் நாற்காலி அந்த மரத்தில் செய்ததுதான். ஆனால் அதே மரம் என்று சொல்லிக் காட்டப்பட்ட பொருள்கள் பெருகிய பெருக்கத்தைப் பார்த்து, அவ்வூரில் வாழ்ந்த மார்க் ட்வைனே கிண்டலடித்திருக்கிறார். சந்தேகம் நியாயமானதே. வாத்தியமாக மாறிய கட்டைக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்?

மேரிலாந்தின் அனாபொலிஸ் மரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. செயின்ட் ஜான்ஸ் கல்லூரி வளாகத்தில் நின்ற டியூலிப் பாப்ளர் அது. நம் செண்பகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரிட்டனை எதிர்த்தவர்கள் கூடிய ‘விடுதலை மரங்கள்’ அமெரிக்கக் குடியேற்றங்களில் பல இருந்தன; இதுவும் அவற்றில் ஒன்று. பாஸ்டனில் அப்படி நின்ற எல்ம் மரத்தை 1775இல் பிரிட்டன் தரப்பினர் வெட்டி விறகாக்கினர். அனாபொலிஸ் மரமோ எல்லாவற்றையும் தாண்டியது. 19ஆம் நூற்றாண்டில் பையன்கள் அதன் பொந்தில் வெடிமருந்தைக் கொளுத்தியும் பிழைத்தது. பின்னாளில் உள்ளே சிமென்ட் கான்கிரீட்டைக் கொட்டி நிரப்பியும் நின்றது. 1999 செப்டம்பரில் வந்த ஃபிளாய்ட் சூறாவளிக்குப் பின் தாங்கவில்லை. அக்டோபர் 25 அன்று ஊரே திரண்டு நிற்க வெட்டினார்கள்.

குப்பைமேட்டுக்குப் போகவிருந்த கட்டைகளை ஒருவர் தடுத்து மீட்டார். அவை டெய்லர் கிடார் நிறுவனத்துக்குப் போய் 400 கிடார்கள் ஆயின.

கிடாருக்குப் போன இந்த மரவகை முரசுக்காரர்களுக்கும் பழக்கமானதுதான். பீட்டில்ஸ் காலத்து லுட்விக் டிரம்களில் நடு அடுக்காக இருந்தது பாப்ளர். விலை மலிவு, எடை குறைவு, அறுக்கவும் எளிது. வரலாறு படிந்த கட்டை என்பதால் அது கூடுதலாக ஒலித்துவிடாது. கூட்டின் தடிமன், விளிம்பைச் சீவிய கோணம், தோலை இழுத்துக் கட்டிய இறுக்கம் ஆகியவைதான் நாதத்தைத் தீர்மானிக்கின்றன.

சிரமமெல்லாம் செய்வதில் இருக்கிறது. மிருதங்கத்துக்குப் பலாக்கட்டையைக் குடைவார்கள். கிரான்வில் பட்டறையில் ஒரே பலகையை நீராவியில் வேகவைத்து வட்டமாக வளைத்து, சரிவாகச் சீவிய இரு முனைகளையும் ஒட்டுகிறார்கள். பிளாஸ்டிக்கும் பல அடுக்கு ஒட்டுப்பலகையும் சந்தையைப் பிடித்த பின்பு, 1980களில் அந்தப் பழைய முறையை அவர்கள் மறுபடி கையில் எடுத்தார்கள். இப்படி வளைய ஓரளவு ஈரம் உள்ள, நேரான ரேகை ஓடும் பலகை வேண்டும். புயலில் முறிந்த கிழட்டு மரத்தில் அது அரிது. ரேகை முறுக்கியிருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும், எப்போதோ அடித்த ஆணி வாளின் பல்லைப் பதம் பார்க்கும்.

ஆகவே மீட்ட மரத்துக்குப் பெரும்பாலும் வேறு வழி தோதாகிறது. பீப்பாய் செய்வதுபோல ஓரம் சாய்த்து அறுத்த குறும்பலகைகளை நிமிர்த்தி நிறுத்தி, வட்டமாக ஒட்டிக் கடைசல் பிடிப்பார்கள். வளைக்கவே வேண்டாம். கெட்ட பகுதியைக் கழித்துவிட்டு நல்ல துண்டுகளாகப் பொறுக்கிக்கொள்ளலாம். அவை ஒரு சாண் நீளம் இருந்தாலே ஸ்நேர் டிரம்முக்குப் போதும்.